கெட்டிமேளம் கொட்டுகிறவரின் காது

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், வாலாஜாபாத் வருவதற்கு முன்னால் பழைய சீவரம் என்று ஒரு ஊர் வரும். மலைமேல் லட்சுமி நரசிம்மர். அங்கே இறங்கி பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் என்பதால் அந்தப் பெயர். கூடுவதற்கு வருஷத்தில் பல மாதங்கள் தண்ணீர் இருக்காது, மணல்தான் கூடிக்கொண்டிருக்கும். அது வேறு கதை!

அந்த ஊர் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீளமான கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழனின் 5-ஆம் ஆட்சியாண்டு. அதாவது சுமார் 1068. படித்தால் நம்ப மாட்டீர்கள். கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர்களுக்கு விடுதி, அவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, அப்புறம்... ஓர் ஆஸ்பத்திரி! 'வீரசோழன்' என்று அதற்குப் பெயர். 15 படுக்கைகள். வைத்தியர் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன். அவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை வேலை பார்ப்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஒரு முழுப் பட்டியல். நோயாளிகள் யார்? விடுதி மாணவர்களும் கோயில் பணியாளர்களும்தான். இன்றைய கம்பெனிகள் 'ஸ்டாஃப் மெடிக்கல் பெனிஃபிட்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதை, சோழர்கள் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மருந்துப் பட்டியல்தான் இன்னும் சுவாரஸ்யம். ஆஸ்பத்திரியில் எப்போதும் இருப்பு வைத்திருக்க வேண்டியவை என்று சுமார் 20 பெயர்கள். தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம்... அதில் ஒன்று 'உத்தம கர்ணாதி தைலம்'. கர்ணம் என்றால் காது. பெயரிலேயே காது உட்கார்ந்திருக்கிறது!

அந்தப் பெயரில் நான் நின்றுவிட்டேன். கோயில் பணியாளர் என்றால் யார் யார்? அர்ச்சகர், பரிசாரகர், பூக்கட்டுபவர், விளக்கேற்றுபவர் மட்டுமா? கோயில் என்றால் கொட்டு வேண்டாமா? சோழர் காலக் கோயிலில் வாத்தியம் வாசிப்பவர்களுக்குத் தனி நிலம், தனி நெல். உவச்சர்கள் என்று ஒரு சமூகமே அதற்காக இருந்தது. மூன்று வேளையும் ஸ்ரீபலிக்குக் கொட்டவேண்டும். திருவிழா வந்தால் நாள் முழுக்க. அவர்களுடைய காது என்ன ஆகியிருக்கும்?

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. திருப்பதியம் பாட 48 பேர். அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர், ஆளுக்குத் தினம் 3 குறுணி நெல். கணக்கைக் கவனியுங்கள். 48 குரலுக்கு 2 தோல் கருவி! மைக் இல்லாத காலம். கொட்டு குரலை அமுக்கிவிடக்கூடாது என்ற நினைப்பு அதில் இருந்ததா என்று ராஜராஜனைத்தான் கேட்கவேண்டும். ஆனால் இன்றைக்குச் சபா மேடையில் ஒலிபெருக்கிக்காரர் போடும் கணக்கைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, நம் காலத்துக்கு வருவோம்.

மாட்டுப் பொங்கலன்று இந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் மலைக்கு வருவார். பிறகு ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடல். அங்கே சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் பழைய சீவரம் நரசிம்மரும் சேர்ந்துகொள்ள, திருமுக்கூடல் பெருமாளோடு ஆக மொத்தம் ஐந்து பேர் ஒரே இடத்தில். பெருமாள் வந்தால் மேளம் வரும். வேட்டுச் சத்தம், ஒலிபெருக்கி, ஜனங்களின் கோவிந்தா... பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காது. ராத்திரி வீட்டுக்கு வந்தபின்பும் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு வண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் அது போய்விடும். உங்களுக்குப் போய்விடும். தினமும் வாசிக்கிறவருக்கு?

நம் நாகஸ்வரம், தவில் ஜோடிக்குப் பெயரே 'பெரிய மேளம்'. தெருவில், வெட்டவெளியில், நாலு வீதி தாண்டி 'சாமி புறப்பட்டாச்சு' என்று தெரிவிப்பதற்காக வளர்ந்த வாத்தியம். சத்தம்தான் அதன் வேலை. கல்யாணத்தில் கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறும் நேரத்தில் தும்மல், அழுகை, சண்டை என்று எந்த அபசகுனச் சத்தமும் மாப்பிள்ளை, பெண் காதில் விழக்கூடாது என்பதற்காக. அதாவது மற்ற எல்லாச் சத்தத்தையும் கொல்லுகிற சத்தம்! 'கொஞ்சம் மெதுவா வாசிங்க' என்று புரோகிதர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விரலை ஆட்டி 'கெட்டிமேளம்... கெட்டிமேளம்' என்று துரிதப்படுத்தித்தான் கேட்டிருப்போம்.

தவில்காரரைப் பாருங்கள். வலது கை விரல்களில் கெட்டியான கூடுகள், இடது கையில் பூவரசங்கழி. முன்பு வார்கொண்டு இழுத்துக் கட்டிய தவில், பிற்பாடு இரும்பு வளையமும் போல்ட் நட்டுமாக மாறியது. தோலை இன்னும் விறைப்பாக முறுக்கலாம். சத்தம் இன்னும் கூர்மை. அதே மேடையில் நாகஸ்வரக்காரரின் அணசு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நிற்கிறது. தாளம் போடும் பையன் கையில் வெண்கலம், அவன் காதுக்கு ஒரு முழ தூரத்தில். அந்தப் பையன் வயது பத்தோ பன்னிரண்டோ இருக்கும். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

காதுக்குள் நடப்பது இதுதான். உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு குழாய். அதில் சுமார் 15,000 மயிரிழை செல்கள். சத்தம் வந்தால் இவை ஆடும். ஆட்டம் மின்சாரமாக மாறி மூளைக்குப் போகும். மிதமான ஆட்டம் என்றால் நாற்று காற்றில் ஆடுவது மாதிரி, நிமிர்ந்துவிடும். பேராட்டம் என்றால் சாய்ந்துவிடும். ஓய்வு கொடுத்தால் சில நிமிரும். மறுநாளும் அதே ஆட்டம் என்றால் செத்துப்போகும். நாற்று மறுபடி நடலாம். இந்தச் செல்லை நட முடியாது. மனிதனுக்கு அது மறுபடி முளைப்பதில்லை. உத்தம கர்ணாதி தைலம் ஒரு குடம் ஊற்றினாலும் சரி, அது செவிப்பறைக்கு வெளியேதான் நிற்கும்!

இதில் ஒரு தந்திரம் உண்டு. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல்ஸ்தாயி. வாத்தியக்காரருக்கு ஆதார சுருதி நன்றாகக் கேட்கும், தன் வாசிப்பு கேட்கும், ராகம் கேட்கும். 'எனக்குக் காது கணீர்னு இருக்கு' என்பார். ஆனால் க, ச, ட, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கிவிடும். 'பட்டு' என்று சொன்னால் 'தட்டா, கட்டா?' என்பார். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டு என்ற சொல்லே குழம்பினால் எப்படி! வீட்டில் மனைவி 'கூப்பிட்டது காதுல விழல்லியா' என்று சண்டை போடுவார். கூப்பிட்டது விழும், என்ன சொன்னார் என்பதுதான் விழாது.

இந்தச் சத்தத்தை அளக்க டெசிபல் என்று ஓர் அளவு. டெலிபோன்காரர்கள் கொடுத்தது. 1920-களில் அமெரிக்க பெல் கம்பெனி எஞ்சினீயர்கள், கம்பியில் போகப்போகச் சத்தம் எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட உண்டாக்கினார்கள். அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரில் பத்தில் ஒரு பங்கு. அதே கம்பெனிக் கருவிகளோடு 1929-30-ல் நியூயார்க் நகரத் தெருக்களில் ஒரு லாரியை ஓட்டி, எந்தத் தெருவில் எவ்வளவு இரைச்சல் என்று அளந்தார்கள். ஒரு நகரமே தன் சத்தத்தை எண்ணில் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

டெசிபலில் ஒரு வில்லங்கம். இது சாதாரணக் கூட்டல் அல்ல. 10 டெசிபல் கூடினால் சக்தி 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. ஆனால் நம் காதுக்கு 10 கூடினால் 'ஏதோ ரெண்டு மடங்கு சத்தம்' என்றுதான் தோன்றும். காது ஒரு தாராளமான கணக்குப்பிள்ளை. ஒரு தவிலுக்குப் பக்கத்தில் அதேபோல் இன்னொரு தவில் வந்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். 'மூணுதானே' என்கிறீர்களா? காதில் விழும் சக்தி இரட்டிப்பு. தாங்கும் நேரம் பாதி!

அமெரிக்காவின் 'நியோஷ்' என்ற தொழில் சுகாதார நிறுவனம் 1998-ல் சொன்ன கணக்கு இதுதான். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 88 என்றால் 4 மணி. 91 - 2 மணி. 94 - 1 மணி. 97 - அரை மணி. 100 - கால் மணி. அவ்வளவுதான். நாகஸ்வரமும் தவிலும் நெருக்கத்தில் 100-ஐ எட்டக்கூடியவை. ஒரு பேச்சுக்குச் சராசரியாக 97 என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு முகூர்த்தத்துக்கு 3 மணி நேர வாசிப்பு. அப்படியென்றால் ஆறு நாள் ரேஷனை ஒரே காலையில் தீர்த்துவிட்டார். வைகாசி, ஆவணி என்றால் மறுநாளும் முகூர்த்தம். சாயங்காலம் ரிசப்ஷன் வேறு.

'மேல்நாட்டுக் கணக்கெல்லாம் நம்ம காதுக்கு எதுக்கு சார்' என்று ஒரு குரல் வரும். காதுக்கு தேசம் கிடையாது. இந்த உண்மை மேல்நாட்டுக்காரர்களுக்கும் சும்மா வந்துவிடவில்லை. பெர்னார்டினோ ராமாசினி என்ற இத்தாலிய வைத்தியர், தொழிலாளர் நோய்கள் பற்றிய தன் புத்தகத்தில், வெனிஸ் நகரத்தில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் நாளடைவில் செவிடாகிறார்கள் என்று எழுதிவைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. பாத்திரம் அடிக்கும் தெருவில் குடியிருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். எழுதத்தான் ஒருவர் வேண்டியிருந்தது. 1886-ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது டாக்டர், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைக் கூப்பிட்டுத் தன் கைக்கடிகாரத்தின் டிக் டிக் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று சோதித்தார். (கைக்கடிகாரம் என்றால் அந்தக் காலத்தில் மணிக்கட்டில் அல்ல, பையில்!) பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்கச் சிரமப்பட்டவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர்.

நெசவையும் சொல்லவேண்டும். காஞ்சியின் குழித்தறிச் சத்தம் காதுக்கு இதம், பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசலாம். விசைத்தறி அப்படியல்ல. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் பெண்கள் உதட்டசைவாலேயே பேசிக்கொள்ள ஒரு தனி பாஷையே உண்டாக்கிக்கொண்டார்கள். சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறைக்குள் ஐந்து நிமிஷம் நின்றால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

ஆலைக்காரருக்காவது சட்டம் வந்தது. நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை தொழில் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. தூங்குகிறவருக்கும் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமாகச் சொன்னது. ஆனால் நன்றாகக் கவனியுங்கள். ஒரு சட்டம் தொழிற்சாலைக்குள் இருப்பவருக்கு. இன்னொன்று சத்தத்தை வேண்டாமென்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. சத்தத்தை உண்டாக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர் இரண்டு பக்கத்திலும் இல்லை. கல்யாண மண்டபம் தொழிற்சாலை அல்ல. தவில்காரர் யாருக்கும் தொழிலாளி அல்ல. அவர் வித்வான்! பொன்னாடை போர்த்துவோம். காதைப் பற்றிக் கேட்கமாட்டோம்.

மேல்நாட்டில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். 2003-ல் ஐரோப்பிய யூனியன் கொண்டுவந்த இரைச்சல் உத்தரவில் இசைத் துறையும் சேர்ந்தது. தயார் செய்துகொள்ள 2008 வரை அவகாசம் கொடுத்தார்கள். இதன் உண்மையான சோதனை லண்டனில் நடந்தது. ராயல் ஆப்பரா ஹவுஸில் 2012-ல் வாக்னரின் இசைநாடகம் ஒன்றுக்கு ஒத்திகை. வயோலா வாசிக்கும் ஒருவருக்குப் பித்தளை ஊதுகருவிகளுக்கு நேர் முன்னால் இடம். அந்த ஒத்திகையோடு அவர் காது கெட்டது, தொழில் போனது. வழக்குப் போட்டார். 'அற்புதமான இசை என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும்' என்பது எதிர்த்தரப்பு வாதம். 2018-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கலை உயர்ந்தது என்பதற்காகப் பாதுகாப்புச் சட்டம் வழிவிட்டு ஒதுங்காது என்றார்கள். 2019-ல் மேல்முறையீட்டிலும் கலைஞர் பக்கமே ஜெயித்தது.

நம் பக்கத்தில் இந்தக் கதையே வேறு. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையை (1889-1934) எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிக்குப் பெயர்போனவர். அத்தனை தாள வாத்தியங்களுக்கு நடுவே மைக் இல்லாமல் குரல் கடைசி வரிசைக்குப் போகவேண்டும். அந்தக் காலத்தில் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது, மனிதனின் நெஞ்சும் கையும். மைக் வந்ததும் பாடகர் தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது. நியாயப்படி மேடையே அமைதியாகியிருக்க வேண்டும். ஆனதா? 'என் மைக்கைக் கொஞ்சம் ஏத்துங்க' என்று ஒருவர் சொல்ல, அவர் ஏறியதும் அடுத்தவர் ஏற்றச் சொல்ல... முன்னால் மானிட்டர் ஸ்பீக்கர் வேறு, நேரே காதைப் பார்த்து.

நாகஸ்வரத்தில் மட்டும் ஒரு நல்ல திருப்பம் நடந்தது. முன்பு திமிரி என்ற குட்டையான, உச்ச சுருதி நாகஸ்வரம். தெருவுக்கு ஏற்றது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) நீளமான, சுருதி தாழ்ந்த பாரியைக் கையிலெடுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதற்கேற்ற கருவியைச் செய்துகொடுத்தார். கூர்மை போய்க் குளிர்ச்சி வந்தது. அவர்கள் காதுப் பாதுகாப்புக்காகச் செய்யவில்லை, ராகத்துக்காகச் செய்தார்கள். ஆனாலும் கருவியைச் செய்பவரும் வாசிப்பவரும் உட்கார்ந்து பேசினால் வாத்தியத்தின் சுபாவத்தையே மாற்றலாம் என்பதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

'பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?' போதாது. பஞ்சு ஒன்றிரண்டு படி குறைக்கும், அவ்வளவுதான். மருந்துக் கடை நுரை அடைப்பான் நன்றாகக் குறைக்கும். ஆனால் மேல்ஸ்தாயியை அதிகமாக வெட்டிவிடும், போர்வைக்குள்ளிருந்து கேட்பது மாதிரி இருக்கும். எந்த வித்வானும் ஐந்து நிமிஷத்தில் கழற்றி எறிந்துவிடுவார். எறிவது நியாயம்தான். இதைப் புரிந்துகொண்டு 1988-ல் அமெரிக்காவில் இசைக்காரர்களுக்கென்றே ஓர் அடைப்பான் வந்தது. எல்லா ஸ்தாயியையும் ஒரே சீராக 15 டெசிபல் குறைக்கும். சத்தம் குறையும், நாதம் மாறாது. அதே வருஷம் 'ஹியர்' என்று ராக் இசைக்காரர்களுக்கான காதுப் பாதுகாப்பு அமைப்பும் அங்கே தொடங்கியது. கிடாரை ஒலிபெருக்கியில் அலறவிட்டுக் காதைத் தொலைத்த 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் அதற்குப் பணம் கொடுத்தார். 15 குறைந்தால் என்ன லாபம்? மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 100 என்பது 85 ஆகும். கால் மணி என்பது 8 மணி நேரம் ஆகும்!

நாகஸ்வரக்காரருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு என்பதையும் சொல்லிவிடவேண்டும். சீவாளியை வாயில் வைத்து ஊதும்போது அதிர்வு எலும்பு வழியாகவே காதுக்குப் போகும். காதை அடைத்தால் அந்த அதிர்வு உள்ளேயே நின்று 'பொம்'மென்று முழங்கும். அவரவர் காதுக்கு அச்செடுத்து, ஆழமாகப் பொருந்தச் செய்தால் இது குறையும். தவில்காரருக்கும் தாளக்காரப் பையனுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

அளப்பதும் இப்போது சுலபம். டெசிபல் மீட்டர் வாங்கவேண்டும் என்பதில்லை. நியோஷ் நிறுவனமே 2017-ல் ஐபோனுக்கு ஓர் இலவசச் செயலி விட்டது. மற்ற போன்களிலும் இப்படிச் செயலிகள் உண்டு, எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கலைஞரின் காது உயரத்தில் பிடித்து, 'A' என்ற அளவையில் சராசரியைப் பாருங்கள். ஒரு நொடி உச்சத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன வரம்பு, 15 நிமிஷச் சராசரி 100 டெசிபல். அது கேட்க வருகிறவர்களுக்கு, எப்போதோ ஒரு நாள் வருகிறவர்களுக்கு! 'A' அளவை அடித்தளச் சத்தத்தைக் குறைத்தே காட்டும் என்பதால், செண்டையும் டி.ஜே.யும் இருக்கிற மண்டபத்தில் மீட்டர் சொல்வதைவிட நெஞ்சு அதிகம் அதிரும்.

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே நாகஸ்வரமும் தவிலும் கற்கும் பிள்ளைகள் சேரும்போது ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுத்து வைத்தால் போதும். அரை மணி நேர வேலை. ஒரு கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், 'சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு'. 4,000 ஹெர்ட்ஸில் கோடு ஒரு குழியில் இறங்கத் தொடங்கினால், அந்தப் பையனுக்குத் தெரிவதற்குப் பத்து வருஷம் முன்பே காகிதத்துக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் கல்யாணம் வருகிறதா? மேளக்காரர் மேடைக்குப் பின்னால் மண்டபச் சுவர் இருந்தால் ஒரு கனமான திரையைத் தொங்கவிடுங்கள், சத்தம் சுவரில் அடித்துத் திரும்பி அவர் காதிலேயே விழாது. அவருக்கு மைக் தேவையே இல்லை, பெரிய மேளத்துக்கு எதற்கு மைக்? மானிட்டர் ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், மண்டபத்துக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. நடுவில் அரை மணி ஓய்வு கொடுத்து, சத்தமில்லாத அறையில் டிபன் பரிமாறுங்கள். டைனிங் ஹாலில் சினிமாப் பாட்டு அலறும் இடத்தில் அல்ல. தட்சணையோடு ஒரு ஜோடி காதடைப்பானும் வைத்துக் கொடுத்தால் முதலில் சிரிப்பார்கள். தாளம் போடும் பையன் மட்டும் போட்டுப் பார்ப்பான்.

கோதண்டராம அசுவத்தாம பட்டனுக்கு இதற்கெல்லாம் கருவி கிடையாது. ஆனால் கோயிலில் வேலை செய்கிறவருக்கு நோய் வந்தால் எந்தக் கட்டிலில் படுப்பார், யார் மருந்து கொடுப்பார், அதற்கு எவ்வளவு நெல் என்று அந்தச் சுவரில் எழுதியிருக்கிறது. திருமுக்கூடல் கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கல்வெட்டைப் பார்க்கலாம். அடுத்த பார்வேட்டைக்குப் போனால், கூட்டம் ஆற்றுப் பக்கம் நகர்ந்தபின் கொஞ்ச நேரம் அந்தச் சுவரண்டை நில்லுங்கள். காதில் வண்டு சுற்றுவது நின்றபிறகு படிப்பது நல்லது.